சட்டையின் பக்கவாட்டில் ஒரு துண்டுப் பாய்

வருஷத்தை எண்ணாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த வருஷத்தில் என்னென்ன நடந்தது என்று கேட்டால் வரிசை தப்பாமல் சொல்வேன். நம் கரையில் ஒரு தோணிக்கு முதன்முதலாக எஞ்சின் வைத்து, நின்றவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்ட வருஷம். சித்திரையில் மழை கொட்டி, வாரிக் குவித்த உப்பெல்லாம் கரைந்து ஓடிய வருஷம். உன் மகள் ஸ்டெல்லா பிறந்து நாற்பது நாள் கழித்து, நீ மாலத்தீவிலிருந்து வந்து இறங்கி அவள் முகத்தைப் பார்த்த வருஷம். அந்த வருஷம்தான் நமக்குக் கூடைப்பந்துக் கோப்பை கிடைத்தது.

இப்போது எதற்கு அதை எடுக்கிறேன் என்றால், போன வாரம் கிளப் செக்ரட்டரி வந்து ஒரு மஞ்சள் பையை என் மடியில் வைத்தான். உள்ளே கையை விட்டேன். பார்க்காமலே தெரிந்துவிட்டது. மேலே வழவழப்பான பனியன் துணி, பக்கத்தில் சொரசொரவென்று தோணிப் பாய். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எண்ணெயும் உப்பும் கலந்த அந்த வாடை போகவில்லை.

"ஏழு சார் சட்டை தாத்தா. அதுக்கு ரிட்டயர்மென்ட் குடுக்கோம்" என்றான்.

"ஏலே, சட்டைக்கு என்னலே ரிட்டயர்மென்ட்? பென்ஷன் உண்டுமா?"

"டிவில பாக்கலையா நீங்க? அமெரிக்காவுல பெரிய பிளேயர் ஆட்டத்த விட்டுட்டாம்னா அவன் சட்டைய உசரத்துல கட்டித் தொங்க விட்டுருவாங்க. அந்த நம்பர இனி எவனும் போடப்படாது. நம்ம ஊர்ல இதான் மொத தடவ. ஊரே வருது." பிறகு சட்டையை விரித்து இரண்டு அக்குளுக்கும் கீழே காட்டினான். "இந்தப் பழுப்பு ஒட்டுதான் அசிங்கமாக் கெடக்கு. போட்டோவுல தெரியும். நீங்க தச்சதுதானாம்லா. நீங்களே பிரிச்சு எடுத்துட்டு, சேத்துத் தச்சுக் குடுத்துருங்க."

சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? அந்த ஒட்டு அங்கே எதற்கு இருக்கிறது என்று சொல்ல முடியாதபடி நீதான் என் வாயைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே.

அந்தச் சட்டைகள் எல்லாமே நான் தைத்தவைதான். தோணிப் பாய் தைக்கிறவனுக்கு பனியன் ஒரு வேலையா? எழுத்து தெரியாவிட்டாலும், சாக்கட்டியால் வரைந்து கொடுத்தால் அதன் மேலேயே வெட்டித் தைத்துவிடுவேன். ஏழு எனக்கு அரிவாள் மாதிரி. எட்டு, பானை வைக்கிற பிரிமணை, அதன் மேல் இன்னொன்று. நீ பக்கத்தில் உட்கார்ந்து, "கோணலா இருக்குலே, அரிவாள் இல்ல, இது தூண்டில் முள்ளு" என்று சிரிப்பாய். உனக்குச் சட்டை கிடையாது. ஆட்டக்காரர்கள் பெயரை எழுதி அனுப்பிய அன்று நீ வெங்காயம் ஏற்றிக்கொண்டு கடலில் இருந்தாய். வந்து சேர்ந்தபோது லிஸ்ட் போய்விட்டது. ஐந்து பேர் பெயர்தான் அதில். "பரவாயில்ல, நான் தண்ணிக் குடம் தூக்குதேன்" என்று, கோப்பை ஆட்டத்துக்கு வெளியூர் கிளம்பிய லாரியில் ஏறினாய். ஐந்து ஆட்டக்காரர்கள், டிரைவர், நீ, நான். ஆக எட்டுப் பேர் போனோம். ஊரிலிருந்து வேறு ஒரு ஈ காக்கை வரவில்லை.

எதிர்த்து ஆடிய ஊர்க்காரர்கள் உயரமோ உயரம். பாதி ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது நம் ஏழாம் நம்பர், துள்ளி இறங்கி எவன் கால்மேலோ கால் வைத்து மடங்கி விழுந்தான். அப்போது அவனுக்கு இருபது வயது இருக்குமா? கணுக்கால் பலாக்கொட்டை மாதிரி வீங்கிவிட்டது. லாரிக்குள் தூக்கிப் போட்டோம். அவன் வலிக்காக அழவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்க ஒரு மில்லிலிருந்து மேனேஜர் வந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் மூன்று தங்கச்சிகள். அப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன்.

"போச்சு அண்ணே, எல்லாம் போச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நீ அவன் சட்டையை உருவினாய். உன் தலையில் மாட்டினாய். அவன் ஒல்லிக்குச்சி. நீ மூட்டை தூக்கின உடம்பு. சட்டை நெஞ்சோடு நின்று, இரண்டு பக்கமும் சர்ரென்று கிழிந்தது.

"ஏலே, பாத்துக்கிட்டே நிக்க? தைலே!" என்றாய்.

லாரியில் விரித்திருந்தது பழைய தோணிப் பாய். அதில் இரண்டு கீற்றுக் கிழித்து, நீ கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, உன் உடம்போடு வைத்தே தைத்தேன். பாய் ஊசி என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அவசரத்தில் இரண்டு தடவை உன் விலாவில் குத்திவிட்டேன். "மீனக் குத்துத மாரி குத்துதானே பாவி" என்று வைதாய். விசில் ஊதும்போதுதான் நூலைப் பல்லால் கடித்தேன். ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாய். "இப்பத்தாம்ல மூச்சு விட முடியுது."

நடுவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னப்பா, ஏழாம் நம்பர் கொஞ்சம் தடிச்ச மாதிரி இருக்கு?" நான் முந்திக்கொண்டு, "இப்பத்தான் சார் ரெண்டு சீப்புப் பழம் தின்னான்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேனேஜரும் தூரத்தில்தான் இருந்தார். அவருக்கு முகம் தெரியாது. நம்பர்தான் தெரியும்.

அது சரியா தப்பா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. தப்புதான். தெரிந்தேதான் செய்தோம்.

கடைசிப் பந்து என் கண்ணுக்குள் நிற்கிறது. பொழுது சாய்கிற நேரம். ஒரு கூடை போட்டால் நாம், இல்லாவிட்டால் அவர்கள். பந்து உன் கைக்கு வந்தபோது முன்னால் இரண்டு நெட்டையன்கள். நீ தாவவில்லை. அவர்கள் தாவினார்கள். நீ இரண்டு கையாலும் பந்தை முட்டிக்குக் கீழே கொண்டுபோய், தோணிக்குள்ளிருந்து மேல்தட்டுக்கு வெங்காய மூட்டை எறிவாயே, அதே வீச்சில் கீழேயிருந்து வீசினாய். அப்படி யார் போடுவார்கள்? எதிராளிகளே சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் பந்து வலைக்குள் இறங்கிவிட்டது.

மைக்கில், "ஏழாம் நம்பர்! ஏழாம் நம்பர்!" என்று கத்தினார்கள். நம் டிரைவர் அங்கே ஹோட்டலில் கெஞ்சி, ஊரில் ஐஸ் கம்பெனிக்கு டிரங்கால் போட்டு அதையேதான் சொன்னான். "ஜெயிச்சாச்சு. கடைசிப் பந்து ஏழாம் நம்பரு." நாம் ஊருக்குள் நுழையும்போது சங்குக்குளிக்காரர்களும் சுமைக்காரர்களும் தெருவில் நின்று அவனைத் தோளில் தூக்கினார்கள். வீங்கின காலைப் பார்த்து, "இந்தக் காலோடயா போட்டான்!" என்று இன்னும் உசரத் தூக்கினார்கள். அன்றைக்கு அவனுக்கு ஏழு என்று பேர் விழுந்தது. அம்மா வைத்த பேரை ஊர் மறந்தே போனது.

அதற்கு முன்னாலேயே, வழியில் லாரியை நிறுத்தி, எட்டுப் பேரையும் மாதா மேல் சத்தியம் பண்ண வைத்தாய். "அவனுக்கு வேல கெடைக்கணும். கோப்பையும் கையில நிக்கணும். வீட்டுல பொண்டாட்டிட்டக்கூட எவனும் வாயத் தொறக்கப்படாது." அவன் மட்டும் தலை குனிந்திருந்தான். "நீயும் சொல்லுலே" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினாய்.

அவனுக்கு மில்லில் வேலை கிடைத்தது. அதற்கு அப்புறம் அவன் ஆடிய ஆட்டமெல்லாம் அவனுடையதுதான், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. பெரிய பெரிய ஊர்களில் ஆடினான், தங்கச்சிகளைக் கரையேற்றினான். ஆனால் நம் ஊருக்கு ஆட வரும்போது மட்டும் புதுச் சட்டை போடமாட்டான். இந்த ஒட்டுச் சட்டைதான். தொளதொளவென்று தொங்கும். கேட்டால், "காத்து வருது" என்பான். கிறிஸ்மஸுக்கு முதல் கேக் உன் வீட்டுக்குத்தான் வரும். நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவீர்கள், மீன் விலையைப் பற்றிப் பேசுவீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

ஒருநாள் மளிகைக் கடை அண்ணாச்சி உன்னிடமே சொன்னாரே, ஞாபகம் இருக்கா? "ஏழு அன்னைக்குப் பறந்தாம்வே! ஆளு உசரத்துக்கு மேல, அப்படியே கழுகு மாரி!" நீ புளியைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டே, "அப்படியா அண்ணாச்சி? நான் அந்நேரம் தண்ணி எடுக்கப் போயிட்டேன், பாக்கல" என்றாய். வெளியே வந்ததும் என் தொடையில் கிள்ளினாய். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

போன ஐப்பசியில் நீ போனாய். உன் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர்களுக்கு நீ ஒரு பழைய தோணிக்காரன், அவ்வளவுதான்.

பையை வைத்துவிட்டு செக்ரட்டரி போன பிறகு, வாசலில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்தேன். பிளேடை எடுத்தேன். முதல் தையலுக்குக் கீழே கொடுத்தேன். மெழுகு நூல், இன்னும் இரும்பு மாதிரி இருக்கிறது. வலது பக்க ஒட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. நான் குத்தினபோது வந்த உன் ரத்தம். அதைப் பிரித்து எடுத்துவிட்டால் நீ அன்றைக்கு அங்கே இருந்தாய் என்பதற்கு இந்த உலகத்தில் என்ன மிச்சம்? சத்தியம் வாய்க்குத்தானே, கைக்கு இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிளேடை மடக்கி வைத்தேன். பிரிக்காமலே மடித்து எடுத்துப் போனேன்.

மைதானத்தில் விழா அன்று சாயங்காலம் ஊர் கூடிவிட்டது. பெரிய பேனரில் ஏழு பறந்துகொண்டிருந்தான், கழுகு மாதிரியேதான் வரைந்திருந்தார்கள். நரைத்த தலைகள் எல்லாம் "ஏழு! ஏழு!" என்று கத்தின. ஸ்டெல்லாவை நான்தான் வற்புறுத்திக் கூட்டி வந்தேன். "எனக்கு எதுக்கு மாமா பந்தாட்டம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

செக்ரட்டரி சட்டையைப் பார்த்து முகம் சுளித்தான். "என்ன தாத்தா, பிரிக்கலையா?" அதற்குள் அவனே கம்பு ஊன்றிக்கொண்டு வந்துவிட்டான், நம் ஏழு. சட்டையை வாங்கினான். கண்ணால் பார்க்கவில்லை, கையை நேரே ஒட்டில்தான் வைத்தான்.

"பிரிக்கச் சொன்னாங்களா அண்ணே?"

"சொன்னாங்க. கை வரல."

ஒட்டை விரலால் நீவினான். "சத்தியம் அவரு இருக்குத வரைக்கும்தான்னு நான் நெனைக்கேன். நீரு என்ன சொல்லுதீரு?"

"என்கிட்டக் கேக்காதலே. அந்தா உக்காந்திருக்கா பாரு, அவன் மவ. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மைக்கைப் பிடித்தான். நன்றி சொல்வான் என்று கைதட்டக் காத்திருந்தார்கள். "கடைசிப் பந்து நான் போடல" என்றான். எடுத்த எடுப்பில் அதுதான். பிறகு கால் மடங்கினது, லாரி, சட்டை கிழிந்தது, ஊசி, பழம், சத்தியம், ஒன்றையும் விடவில்லை. உன் பேரை மூன்று தடவை சொன்னான். "அந்தக் கோப்பையில ஒரு பொய் இருக்கு. அந்தப் பொய்யிலதான் நான் சோறு தின்னேன். திருப்பி எடுக்கணும்னா எடுத்துக்கோங்க."

கொடிமரம் பக்கமிருந்து கயிறு படபடப்பது கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவன் எழுந்தான். "அப்ப இத்தன வருசமா நாங்க யாருக்குலே கைதட்டுனோம்?"

"எனக்குத்தான் அண்ணாச்சி தட்டுனீரு" என்றான். "அத நான் வச்சுக்கிடுதேன். இன்னைக்கு அவருக்குத் தட்டும்."

அந்தக் கிழவன்தான் முதலில் தட்டினான். அப்புறம் எல்லாரும். ஸ்டெல்லா தட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏன் மாமா எங்ககிட்டச் சொல்லல?" உன்னைத்தான் கேட்கவேண்டும்.

சட்டையைக் கொடிமரக் கயிற்றில் கட்டச் சொல்லி என்னிடம் தந்தார்கள். பாய் ஏற்றும்போது போடுகிற முடிச்சையே போட்டேன். ஏழும் ஸ்டெல்லாவும் கயிற்றை இழுத்தார்கள். பாதி ஏறும்போது கடல்காற்று கீழ் வழியாக உள்ளே புகுந்தது. ஒட்டுப் போட்ட இரண்டு பக்கமும் விரிந்து, சட்டை ஒரு தடவை முழுசாக உப்பி அடங்கியது. நீ அன்றைக்கு மூச்சை இழுத்துப் பார்த்தாயே, அப்படி.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லாதான் எழுதுகிறாள். நடுநடுவே பேனாவை வைத்துவிட்டு, "மூட்ட எறியுத மாரியா மாமா? எப்படி, இன்னொரு தடவ காட்டுங்க" என்கிறாள். எழுந்து நின்று காட்டுகிறேன். முட்டி வலிக்கிறது. ஆனாலும் காட்டுகிறேன். அந்த வீச்சு இப்போது என் கையில்தான் இருக்கிறது.

லாரியில் போன எட்டுப் பேரை நேற்று விரல் விட்டு எண்ணினேன். டிரைவர் முதலில் போனான். ஆட்டக்காரர்களில் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அப்புறம் நீ. என்னைக் கணக்கில் சேர்க்காதே, என் ஒரு கால் உன் பக்கம்தான் இருக்கிறது. மிச்சம் ஒருத்தன். அவனை ஏழு என்று கூப்பிட இப்போது எனக்கு நாக்கு எழவில்லை, அந்தப் பேரை அன்று உன்னிடமே கொடுத்துவிட்டான். காலையில் வாசலில் வந்து நின்றான். அவன் அம்மா வைத்த பேரை, ஐம்பது வருஷம் கழித்து, சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"உள்ள வாலே, மிக்கேல்."