கழுத்துப்பட்டியில் அரை அங்குலம்

கண்டக்டரம்மாவுக்கு,

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. கடை திறக்கக் கிளம்பிவிட்டேன். எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைப் போடு. பிளாஸ்கில் காப்பி இருக்கிறது, ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும்.

போன மாதம் உன் யூனிஃபார்ம் சட்டைக்கு அளவெடுத்தபோது கழுத்து அரை அங்குலம் கூடியிருந்தது. "நல்லா சாப்பிடுற போல" என்று சிரித்தேன். இருபது வருஷமாக ஊர்க் கழுத்தையெல்லாம் அளக்கிறவனுக்குச் சொந்த வீட்டு வீக்கம் தெரியவில்லை. அன்றிலிருந்து நீ முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது வீக்கம் என்று தெரிந்ததும், எவனோ சொன்னான் என்று அயோடின் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். நேற்று டாக்டர் என்னை வறுத்தெடுத்துவிட்டார். "இது அயோடின் குறைஞ்சு வந்த வீக்கம் இல்லைங்க. உங்களுக்கு உப்புல இருக்கறதே போதும். கூடினா இன்னும் கெடுக்கும்." என்னிடம் பேசாத நீ, "நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தார்" என்று அங்கே எனக்காகப் பேசினாய்.

பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மேல் பட்டனைத் தள்ளித் தைத்திருக்கிறேன், இறுக்காது.

பி.கு.: பட்டனின் பழைய இடத்தில் சாக்பீஸ் புள்ளி இருக்கிறது. வீக்கம் வடிந்தால் அங்கேயே திருப்பித் தைக்கிறேன். வடியாவிட்டால் இந்தத் தடவை உன் சாப்பாட்டை இல்லை, சட்டையைத்தான் குறை சொல்வேன்.