பின் தெரு வீட்டு உத்தரம்

புரட்டாசி 2, வெள்ளி
புழுக்கம். இலை அசையவில்லை. பின் தெருவில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டைப் பார்த்துவரப் போனேன். மேல்தளம் ஏறி இறங்கியதில் முழங்கால் வலி. அறையில் நடு உத்தரம் கரையான் அரித்திருக்கிறது. கைத்தடியால் தட்டினால் பொத்பொத்தென்று சத்தம். நேர் கீழே குடியிருக்கும் பெண் கல்யாணியின் படுக்கை. புருஷன் சுந்தரேசன் துறைமுகத்தில் குமாஸ்தா. அவளுக்கு ஐப்பசி கடைசியில் பிரசவம். மழையும் அப்போதுதான். அதற்குள் உத்தரத்தை மாற்றியாக வேண்டும்.
மேஸ்திரி முனுசாமிக்குச் சொல்லி அனுப்பினேன். வாங்க: சுண்ணாம்பு, அதில் கலக்கக் கடுக்காய், வெல்லம். மூக்குப்பொடி.
மாலை மைத்துனன் வந்தான். தியாகராய நகரில் மனை வாங்கி, வீடு கட்டி வாடகைக்கு விடப் போகிறானாம். யோசனை கேட்டான். வேண்டாம் என்றேன். சிரித்தான்.

5, திங்கள்
மேஸ்திரி வந்தார். வெற்றிலை போட்டார். கடப்பாறையை எடுத்தவர், கல்யாணி வாசலுக்கு வந்ததும் கீழே வைத்துவிட்டார்.
“இன்னா சாமி, சொல்லவே இல்லியே? அம்மா புள்ளத்தாச்சியா கீறாங்க. இந்த வூட்ட நான் இடிக்க மாட்டேன்.”
கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இடிக்கவும் கூடாது, கட்டவும் கூடாது. தெரிந்ததுதான். ஆனால் உத்தரத்துக்குத் தெரியுமா? கீழிருந்து தாங்க ஒரு முட்டாவது கொடுங்கள் என்றேன். அதற்கும் தரையில் குழி தோண்ட வேண்டுமாம், மாட்டாராம். வேறு கொத்தனாரிடம் ஆள் அனுப்பினேன். அவரும் அதையே சொல்லிவிட்டார்.
மைத்துனனுக்குச் சொல்ல: தளத்தை ஆனியிலேயே பார்த்துவிடு. மழை வரட்டும் என்று காத்திருப்பவன் என்னைப் போல் அலைவான்.

6, செவ்வாய்
சுந்தரேசனைக் கூப்பிட்டு, ஒரு மாதம் வேறெங்காவது ஜாகை பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.
“புரட்டாசில யாராவது ஆம் மாத்துவாளா மாமா? அதுவும் இவ இப்படி இருக்கறச்சே?”
போக இடமும் இல்லை. அவள் அம்மா போய் வருஷங்கள் ஆகின்றன. அப்பா ரங்கூனில். படுக்கையைக் கூடத்தில் போட்டுக்கொள்கிறோம் என்றான். சமையல் உள்ளுக்குப் போக அந்த அறைதானே வழி? “தலையில விழுந்தா யார் பதில் சொல்றது?” என்று கத்திவிட்டேன். உள்ளே வளையல் சத்தம் நின்றது. கேட்டுவிட்டாள். கத்தியிருக்கக் கூடாது.

8, வியாழன்
தூறல், நாலு துளி. அதற்கே குடையை எடுத்துக்கொண்டு போய் உத்தரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.
அலமு அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “ஆம் மாத்தறதுன்னு ஏன்னா சொல்றேள்? பிரசவத்துக்குப் பிறந்தாத்துக்குப் போறான்னு சொல்லுங்கோ. அதுக்கு மாசம் ஏது?”
“அவளுக்குத்தான் அம்மா இல்லையே?”
“நான் இருக்கேனே.”
எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இவள் பேசியே வெகுகாலம் ஆகிறது. நான் பஞ்சாங்கத்தை எடுத்து நல்ல நேரம் பார்த்தேன்.

9, வெள்ளி
காலையில் அலமு பூவும் பழமும் கொண்டுபோய்க் கல்யாணியை அழைத்துவந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தலையணை. சுந்தரேசன் கூடவே வந்தான். இராத்திரி மட்டும் அங்கே கூடத்தில் படுத்துக்கொள்வானாம். சாப்பாடு இங்கே. பிறந்தகத்துக்குப் போகிறாள் என்றதும் மேஸ்திரிக்கும் திருப்தி. “அப்டி சொல்லு சாமி!”

14, புதன்
இடித்தார்கள். உத்தரத்தைக் கையால் பிடித்து இழுத்ததுமே நடுவில் முறிந்து, படுக்கை கிடந்த இடத்தில் விழுந்தது. உள்ளே மரமே இல்லை, எல்லாம் மண். திண்ணையில் போய் உட்கார்ந்தேன். மேஸ்திரி தண்ணீர் கொடுத்தார். வீட்டில் சொல்லவில்லை.
பர்மா தேக்கு போடச் சொல்லியிருக்கிறேன். மைத்துனனுக்கு: மரத்தில் மிச்சம் பிடிக்காதே.

23, வெள்ளி
பின் தெரு வீட்டுத் தளம் முடிந்தது. மழைக்கு முந்திவிட்டோம். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம்.

26, திங்கள்
விடியற்காலையிலிருந்து கனமழை. பின் தெரு வீட்டில் ஒரு சொட்டு இல்லையாம். தனியாகப் படுத்திருக்கும் சுந்தரேசன் வந்து பெருமையாகச் சொன்னான். இங்கே எங்கள் கூடத்தில் ஒழுகுகிறது. வாடகை வீட்டைப் பார்த்துப் பார்த்துச் சொந்தக் கூரையை மறந்தேன்.
மேஸ்திரிக்கு ஆள் விட்டேன். நனைந்துகொண்டு வந்தார். அண்ணாந்து பார்த்தார், கல்யாணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
“அம்மா இப்போ இங்க கீறாங்களே சாமி. இந்த வூட்ட நான் தொட மாட்டேன்.”
எனக்கு இது தோன்றவே இல்லை! பஞ்சாங்கம் பார்த்தேன், ராகு காலம் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. இனிப் பிரசவம் ஆகிற வரைக்கும் ஒழுகத்தான் செய்யும்.
“என்னாலதானே மாமி?” என்று கல்யாணி முகம் வாடிப்போய், சொட்டுகிற இடத்தில் வைக்க அண்டாவை எடுக்கக் குனிந்தாள். அலமு உள்ளேயிருந்து அதட்டினாள்.
“நீ குனியாதேடி. அப்பா வெப்பார்.”
யாரைச் சொல்கிறாள் என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு போய் அண்டாவை வைத்தேன்.