அவன் பிழைத்துவிட்டான், மாமா

நினைக்கும்போதெல்லாம் நெஞ்சை எரியவைக்கிற என் அன்பு மாமாவுக்கு,

அவன் பிழைத்துவிட்டான். பிழைக்க வைத்தவள் நான்தான். கோபப்படாமல் முழுசாகக் கேளுங்கள்.

சுனாமிக்கு மறு வருஷம், நெஞ்சை அழுத்துகிறது என்று நீங்கள் சொன்னதும் முதுநகரிலிருந்து ஆட்டோவில் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவசரப் பிரிவில் ஒரே ஒரு கட்டில்தான் காலி. உங்களை அதில் படுக்கவைக்கப் போன நேரம் அவன் கும்பலோடு நுழைந்தான். கட்சிக்காரன், பெயரை எழுத எனக்கு மனசில்லை. பைக்கில் சறுக்கி நெற்றியைச் சிராய்த்துக்கொண்ட அவன் மைத்துனனுக்கு அந்தக் கட்டில் போனது. தடுத்த நர்ஸைப் பிடித்துத் தள்ளினார்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "வுடு செல்வி, அவுங்க மொதல்ல பாத்துக்கட்டும்" என்றீர்கள். கும்பலை விலக்கிக்கொண்டு டாக்டர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்தே போய்விட்டீர்கள்.

எதற்கு மாமா அவ்வளவு பொறுமை?

சிதம்பரத்தில் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அதே அவசரப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே போய் எப்படி நிற்பாய் என்று உங்கள் அம்மா அழுதார்கள். நாலு பேருக்கு உதவத்தான் என்றேன். பொய். என்றைக்காவது அவன் வருவான் என்றுதான் போனேன்.

இப்போது வாசலில் நிற்பவள் நான். மூச்சு, நாடி, முகத்தின் நிறம் பார்த்து, தாங்காதவர்களை உடனே உள்ளே விடுவேன். தையல் போடவேண்டியவர்கள் பக்கத்து அறைக்கு. தேறியவர்களை வார்டுக்கு அனுப்பி, எப்போதும் ஒரு கட்டிலைக் காலியாக வைத்திருப்பேன். அன்றைக்கு உங்களுக்குக் கிடைக்காத கட்டில் அது.

தானே புயலுக்கு மறுநாள் தகரம் கிழித்துக் காயம்பட்டவர்களும் மரம் விழுந்து அடிபட்டவர்களுமாகக் குறிஞ்சிப்பாடி பக்கமிருந்தெல்லாம் வந்து நிறைந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கை நெஞ்சில். உங்கள் முகத்தில் வடிந்த அதே வியர்வை. அங்கே இருந்தவர்களில் முதலில் உள்ளே போகவேண்டியவன் அவன்தான். காக்கவைக்க எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?

அவன் ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு கத்தினார்கள். நான் அவன் காதருகே குனிந்தேன்.

"ஒங்க ஆளுங்கள வெளிய போவச் சொல்லுங்க. அவுங்க நவுந்தாதான் ஸ்ட்ரெச்சர் உள்ள போவும்."

மூச்சுக்குத் திணறியபடி, தன் ஆட்களைப் பார்த்துக் கைகூப்பினான். அவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கண்ணாரப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு நொடியும் வீணாக்கவில்லை.

தேறியதும் வார்டுக்குப் போய் உங்களைப் பற்றிச் சொன்னேன். முதலில் அவனுக்கு ஞாபகமே வரவில்லை. விடாமல் சொன்னேன். வந்தது. முகம் வெளுத்து, "மன்னிச்சிடும்மா" என்றான்.

"மாட்டேன். செத்திருந்தா ஒண்ணும் தெரியாமலே போயிருப்பீங்க. இப்ப தெரிஞ்சிடிச்சி இல்ல? அதோடவே இருங்க."

மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிறான். என்னைக் கண்டால் தலை குனிகிறது. நாம் சாதித்தது இவ்வளவுதானா மாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த இடத்தை விட்டு நான் போகமாட்டேன். அவனை மறக்க விடமாட்டேன். இனி எவன் கும்பலைக் கூட்டிவந்தாலும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
கோபம் தீராத உங்கள் பெண்டாட்டி,
செல்வி