கிராணியின் பைத்தியம்

அன்புள்ள அம்மாவுக்கு, ஜொகூர் பாருவிலிருந்து சின்னத்தம்பி வணங்கி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மரவள்ளிக்கிழங்கு தின்று நாக்குதான் செத்துவிட்டது.

பயப்படாமல் படியுங்கள். வெள்ளைக்கார டாக்டர்களை ஜப்பான்காரன் சிறையில் போட்டுவிட்டான். இந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கோர்ட் அனுப்பும் கைதிகளுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது இப்போது, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸரான என் வேலை. போன வாரம் வந்தவன் நம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி வேலாயுதம். நம் தம்பி அய்யாவுவை, போன ஆள் திரும்பாத சயாம் ரயில் வேலைக்குப் பேர் கொடுத்து அனுப்பினானே, அவனேதான். அரிசி திருடியிருக்கிறான். புத்தி சரி என்று நான் எழுதினால் அவன் தலை போகும். அதனால் மண்ணைத் தின்கிறான், நாய்போல் குரைக்கிறான்.

அவன் காதுபட, "சயாமுக்கு ஆள் எடுக்க லோரி வந்திருக்கு" என்றேன். மற்ற நோயாளிகள் அசையவில்லை. இவன் என் காலைப் பிடித்துக்கொண்டான். "என் பேரைக் கொடுத்துடாதீங்கய்யா!"

பைத்தியம் என்றே எழுதிக் கொடுத்தேன். இரக்கம் என்று நினைக்காதீர்கள். தலை போனால் ஒரு நொடியில் முடிந்துவிடும். இனி அவன் என் வார்டில்தான். தெளிந்துவிட்டான் என்று நான் சொன்னால் கோர்ட் திரும்பக் கூப்பிடும், அது அவனுக்கும் தெரியும். தினமும் காலையில் போய், "என் தம்பி எங்கடா?" என்று கேட்கிறேன். குரைக்கிறான்.

கொஞ்சம் உப்பும், உங்கள் பழைய சேலை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். சேலையைத் துவைக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் படகுக்காரர் அவசரப்படுத்துகிறார். விடிந்துவிட்டது, நான் போய் அவனைக் குரைக்க வைக்க வேண்டும்.

உங்கள் மகன்,
சின்னத்தம்பி