சந்தேகப்படத் தெரியாத செல்கள்

அக்கா,

இன்று காலை அடகுக்கு வந்த வளையல் ஒன்றைக் கையில் எடுத்ததும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை அடித்தது. கொண்டுவந்தவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. கல்லில் உரைத்தேன், அமிலம் விட்டேன், தங்கம்தான் என்று எழுதிக் கொடுத்தேன். உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

புதுக்கோட்டை வங்கியில் இத்தனை வருடம் நகை மதிப்பீட்டாளராக இருப்பவனுக்கு எதைப் பார்த்தாலும் முலாம் என்றுதான் முதலில் தோன்றும். "கல்யாண மோதிரத்தையே உரசிப் பாத்த ஆளுடா நீ" என்று நீ எல்லார் முன்னாலும் கேலி செய்வாய். அதனால் உனக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றதும் டாக்டரையும் மருந்தையும் ஒருசேரச் சந்தேகப்பட்டேன். திருச்சி டாக்டர் சொன்னது புது வகை ஊசி. நோயை நேராகக் கொல்லாதாம். உடம்பின் எதிர்ப்பு செல்களைத் தட்டி எழுப்பிவிடுமாம், அவை போய்க் கொல்லுமாம். "சிலருக்கு நல்லாக் கேக்கும், சிலருக்குக் கேக்காது" என்றார். யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆவுடையார்கோவில் பள்ளியில் உயிரியல் நடத்திய நீதான் திரும்பும் பஸ்ஸில் எனக்கு விளக்கினாய். செல்லுக்குள் மரபணுவிலிருந்து ஆர்என்ஏ என்ற நகல்கள் உருவாகின்றன. சில நகல்களை வைத்துப் புரதம் தயாராகும். பலவற்றிலிருந்து எந்தப் புரதமும் வராது. வெகுகாலம் அவற்றைக் குப்பை என்றே நினைத்தார்களாம். இப்போது பார்த்தால் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதில் அவற்றுக்கும் பெரிய பங்கு இருக்கிறதாம்.

"புத்து செல்லு இருக்குல்ல, அது இந்த ஆர்என்ஏவச் சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி அனுப்பும்டா. வாங்குன எதிர்ப்பு செல்லு அப்புடியே சோந்து போயிரும். எதிரி முன்னாடி நின்னாலும் கண்டுக்காது."

"உரசிப் பாக்காமயா விட்டுருது?"

"அதேதான். ஒன்னய மாதிரி நாலு செல்லு இருந்தா எனக்கு இந்த நோயே வந்திருக்காது."

சொல்லிவிட்டு, கீரனூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

ரத்தத்தில் இருக்கிற அந்த ஆர்என்ஏக்களைப் பார்த்து, ஊசி யாருக்குக் கேட்கும் என்று முன்பே சொல்ல முடியுமா என அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். உன் ரத்தத்தையும் கேட்டார்கள். உன்னை வைத்துப் பெயர் வாங்கப் பார்க்கிறார்கள் என்று நான் குதித்தேன். "இதுனால எனக்கு ஒரு பலனும் கெடையாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்கடா. அப்புறம் என்ன?" என்று கையை நீட்டிவிட்டாய்.

சில மாதம் ஊசி கேட்டது. இருமல் குறைந்தது. நான் அதையும் நம்பவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனில் நோய் கல்லீரலுக்கும் போயிருந்தது. டாக்டர் அத்தானையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். நம் பக்கத்தில் இதையெல்லாம் நோயாளியிடம் யார் சொல்கிறார்கள்? வராண்டாவிலேயே அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட மூச்சு விட்றாதீங்க மாப்ள. நல்லாருக்குன்னே சொல்லுவோம்."

அத்தான் சிரித்த முகமாக வந்து, நல்லாருக்கு என்று உன்னிடம் சொன்னார். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

"நீ என்னடா சொல்ற?"

"டாக்டர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்க்கா. நல்ல மனுசன். நம்பலாம்."

உன் முகம் மாறிவிட்டது. அத்தானைக் காபி வாங்கிவர அனுப்பிவிட்டு, "எதுவரைக்கும் போயிருக்கு?" என்று கேட்டாய். நான் ஸ்கேன் உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "நீ ஒருத்தர நம்பலாம்னு சொல்லி நான் கேட்டதே இல்லடா" என்றாய்.

தெரிந்துவிட்டது என்று அத்தானிடம் கடைசிவரை நீ காட்டிக்கொள்ளவே இல்லை. அவர் நல்லாருக்கு என்பார், நீ தலையாட்டுவாய். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

நீ போன பிறகு ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தாள். "மேடத்தோட ரத்தம் இன்னும் ஃப்ரீசர்ல இருக்கு சார். அடுத்த சோதனைக்கும் எடுத்துக்கலாமான்னு வீட்டுல கேக்கச் சொன்னாங்க." அத்தான் போனை என்னிடம் தள்ளிவிட்டார். விடுவேனா? யார் பார்ப்பார்கள், எதற்கு, வெளியே விற்பீர்களா என்று துளைத்தெடுத்தேன். அவளும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில், "எங்க அக்காவுக்கு ஊசி ஏன் பாதியில கேக்காமப் போச்சு? அதுவாச்சும் தெரியுமா?" என்றேன்.

"தெரியலீங்க சார். அதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

உனக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து, 'தெரியவில்லை' என்று நேராகச் சொன்னவள் அவள் ஒருத்திதான் அக்கா. எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு உட்கார்ந்து அழுதேன்.

உன் காரியமெல்லாம் முடிந்துவிட்டது. நீ போய்விட்டாய் என்றுதான் ஊரில் எல்லாரும் பேசுகிறார்கள். உன் ரத்தம் கொஞ்சம் திருச்சியில் ஒரு ஃப்ரீசருக்குள் இருக்கிறது. அதனிடம் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால், ஊர் சொல்வதை நான் முழுசாக நம்பவில்லை.