நான் சொல்லாத சம்மதம்

என் ஆசை ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். மண்ணுக்குள் கபுறில் இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லத்தானே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை ஊரார் வாசித்தாலும் வாசிக்கட்டும். நம் பக்கத்துப் பல வீடுகளில் என்னைப் போல ஒரு தங்கச்சி வாய் மூடிக்கொண்டு இருக்கிறாள்.

உங்கள் பிள்ளைகள் கொழும்பு பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். ஹனா என் மடியில் தூங்குகிறாள். காலிமுகத்திடலில் வாங்கிய காற்றாடியைத் தூக்கத்திலும் விடவில்லை. அத்னானுக்கு முன் பல் விழுந்துவிட்டது. அந்த வாயோடு கல்முனை முழுக்க லிப்டில் ஏறிய கதையைச் சொல்லித் திரிகிறான்.

"புள்ளையள் ஒரு வருசமா சிரிக்கல்ல, ரெண்டு நாளைக்குக் கொழும்பக் காட்டிட்டு வருவம்" என்று கிளப்பியது உம்மாதான். பிள்ளைகளுக்காக என்றால் யார் மாட்டேன் என்பது?

ஆனால் அதற்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. உங்கள் முதல் வருஷக் கத்தம் ஓதி முடிந்த கிழமையே உம்மா என்னிடம் கேட்டார். உங்கள் மாப்பிள்ளையை, என் மச்சானை, நான் கலியாணம் முடிக்க வேண்டுமாம். ராத்தா மௌத்தானால் அவள் இடத்துக்குத் தங்கச்சியைக் கொடுப்பது நம் ஊரில் புதினமில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. குமருப் பிள்ளை பேசாமல் இருந்தால் சம்மதம் என்பது நம்மவர்களின் கணக்கு. அன்றிலிருந்து உம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு. நானோ அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை விடியச் சுபஹு தொழுத கையோடு வாடகை வான் ஒன்றில் ஏறினோம். வாப்பா வரவில்லை, நற்பிட்டிமுனை வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று நின்றுவிட்டார். அந்நிய ஆண் பக்கத்தில் வாழ்நாளில் உட்காராத நம் உம்மா, வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும் என்று சாட்டுச் சொல்லி டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பின்னால் ஒரு ஜன்னலில் மச்சான், மறு ஜன்னலில் நான், நடுவில் பிள்ளைகள். மஹியங்கனை மலை வளைவுகளில் சத்தி எடுத்தது நான்தான். மச்சான் வெளியே பார்த்தபடியே தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா ராத்தா? நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் ஹனா என் தோளில் சாய்ந்து தூங்கத் தொடங்கினாள்.

பின்னேரம் அஸர் தொழுத பிறகு கொழும்பின் பேரே வாவிக்குப் போனோம். அங்கே அன்னம் போலச் செய்த பெடல் படகுகள் இருக்கின்றன. அதில் ஏறியே தீருவேன் என்று அத்னான் அழுதான். உம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயமாம். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு அன்றைக்கென்று பயம் வந்துவிட்டது. படகுக்காரர் எங்களைப் பார்த்து, "அம்மாவும் அப்பாவும் முன்னுக்கு, பிள்ளைகள் பின்னுக்கு" என்றார்.

"அது எங்கட உம்மா இல்ல. சாச்சி" என்றான் அத்னான்.

"அவன் கிடக்கான், நீ ஏறு புள்ள" என்றார் உம்மா.

ஏறினேன். பெடல் இரண்டும் ஒரே கம்பியில் பூட்டியவை. அவர் மிதித்தால் என் காலும் சேர்ந்து சுற்றும். சுற்றிவரப் பச்சைத் தண்ணீர். கரையில் உம்மா கைப்பையை அணைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார். பின்னால் பிள்ளைகள் மீனுக்குப் பாண் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். நடு வாவியில் மச்சான் மிதிப்பதை நிறுத்தினார்.

"றிஸ்னா, உம்மா உன்னட்ட ஒண்டு கேட்டிரிப்பா."

"ஓம் மச்சான்."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்டும் சொல்லல்ல."

"நானும் ஒண்டும் சொல்லல்ல." பெடலிலிருந்து காலை எடுத்தார். "எங்கட கலியாணத்தண்டு ஸ்கூல் வெள்ளச் சட்டயோட எனக்குச் சர்பத் கொண்டுவந்து தந்த புள்ள நீ. அதுக்கு மேல உன்ன நினைக்க என்னால ஏலா."

ராத்தா, அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாளும் நான் மட்டும்தான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப ஏன் சொல்லாம இரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டு எங்க போற? அது உன்ட ராத்தாட சீதன ஊடு. பொண்டாட்டியும் இல்ல, இந்த ஊட்டுப் பொண்ணும் வேணாமெண்டா, நான் ஆரெண்டு அங்க இரிக்கிற? வேற இடத்துல முடிச்சா அவட ஊட்டுக்குப் போகோணும். புள்ளையள விட்டுட்டுப் போறதா, இழுத்துட்டுப் போறதா?"

நம் ஊரில் ஆண்கள் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார்கள். பெண் மௌத்தானால் அந்த ஆணுக்கு என்ன கதி என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அது ராத்தாட புள்ளையள்ற ஊடு" என்றேன். "அவங்கட வாப்பா அங்க இரிக்கிறதுக்கு நான் ஏன் பொண்டாட்டி ஆகோணும்?"

அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "இத நான் சொன்னா, தந்த பொண்ண வேணாமெண்டவன் எண்டு ஊர் சொல்லும். உனக்குத்தான் கெட்ட பேரு."

படகுக்காரர் விசில் அடித்தார், நேரம் முடிந்துவிட்டது. கரைக்கு வந்தபோது உம்மா போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாப்பாட்ட சொல்லிட்டன். வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறகு கலியாணம் பேசப் பெரியாக்கள் வருவாங்க."

"என்னத்த சொன்னீங்க உம்மா?"

"எவ்வளவு நேரம் கதைச்சீங்க. எனக்கு அப்பவே விளங்கிட்டு." அங்கேயே, சனங்களுக்கு நடுவில், என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "அல்ஹம்துலில்லாஹ். இனி என்ட மூத்தவள்ற புள்ளையள் பிறத்தியார்ட ஊட்டுக்குப் போகாது."

வாயைத் திறந்தேன் ராத்தா. சத்தியமாகத் திறந்தேன். நீங்கள் போன பிறகு உம்மா சந்தோஷத்தில் அழுததை அன்றுதான் கண்டேன். சொல் வெளியே வரவில்லை. மச்சான் குனிந்து ஹனாவின் செருப்பைப் பூட்டிக்கொண்டிருந்தார், பூட்டிப் பூட்டி முடியவே இல்லை. மறுநாள் காலிமுகத்திடலில் உம்மா எங்கள் நாலு பேரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் பிடித்தார். நான் அதில் சிரிக்கிறேன். இப்போது சொந்தக்காரர் எல்லாருடைய போனிலும் அந்தச் சிரிப்பு இருக்கிறது.

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? என் பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் என்பீர்களா? உங்கள் மாப்பிள்ளையை எனக்குத் தர உங்களுக்கு மனம் வருமா?

அடுப்படியிலிருந்து உம்மா கூப்பிடுகிறார், பின்னேரம் கலியாணச் சாரி பார்க்கக் கடைத்தெருவுக்குப் போவோமாம். போவதற்கு முன் சொல்லப் போகிறேன். மச்சானுடைய வாயால் அல்ல, என் வாயால், எனக்கு விருப்பமில்லை என்று. வீடு பிள்ளைகளுடையது, அவர்களுடைய வாப்பா அங்கேயே இருக்கட்டும் என்று பெரியவர்களிடம் வாப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும். உம்மா அழுவார். இந்த முறை அந்த அழுகைக்கு நான் வாயை மூடமாட்டேன்.

ஹனாவுக்குத் தலை வாருவேன், அத்னானை மதரஸாவுக்குக் கூட்டிப் போவேன், காய்ச்சல் வந்தால் விழித்திருப்பேன். படகுக்காரரிடம் உங்கள் மகன் சொன்ன சொல்லை நான் பொய்யாக்க மாட்டேன் ராத்தா. இது வாக்கு.

உங்கள் தங்கச்சி,
உங்கள் பிள்ளைகளின் சாச்சி,
றிஸ்னா