இறங்கி வந்துவிடாதீர்கள்

மாமாவுக்கு,

மரவள்ளிக்கிழங்குக்கு அடியில் இதை வைத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடுங்கள்.

சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க இன்று ஜப்பான்காரர்கள் தோட்டத்து லயத்துக்கு வந்தார்கள். நீங்கள் காய்ச்சலில் செத்துவிட்டதாகச் சொன்னேன். அதற்கு முன்பே பொட்டை அழித்திருந்தேன். நெஞ்சு படபடத்தது. நீங்கள் சொல்லித்தந்தபடி கண்ணை மூடி, மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் பார்த்தேன். எல்லாம் அடங்கியது. அவர்கள் லோரி கீழே ரிங்லெட் ஊர்ப் பக்கம் இறங்கிவிட்டது.

கங்காணி மட்டும் நின்றார்.

"புருஷன் செத்தவ இப்படியா சாமியார் மாதிரி உக்காந்திருப்பா? நாளைக்கு மறுபடி வருவாங்க லா."

நாளை மாரடித்து அழப்போகிறேன். மேலே காட்டில் உங்களுக்கும் கேட்கும். எனக்கு என்னவோ ஏதோவென்று இறங்கி வந்துவிடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து மூச்சைப் பாருங்கள்.

அது பொய் அழுகைதான், மாமா. பொய்யாகவே இருக்கட்டும்.

பொட்டில்லாமல்,
உங்கள் பெண்சாதி